கடுகளவுகூட இல்லையா, சார்?

கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வழக்கமாக இங்கே டெங்கு, தடுப்பூசி, குழந்தைகளுக்கு ஜுரம் வந்தால் என்ன செய்யலாம் என்றுதான் எழுதுவேன். இன்றைக்குப் பைபிளில் வரும் ஒரு கடுகு விதையைப் பற்றி. மதம் பரப்ப வரவில்லை. மதத்தைத் திட்டவும் வரவில்லை. ஒரு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போன கதை இது.

அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தென் மாவட்டம். அவர் பீடி சுற்றுகிறவர். கணவர் வெளியூரில் ஹோட்டல் வேலை. ஒரே பையன். முதன்முதலில் என்னிடம் வந்தபோது அவனுக்கு 7 வயது. ஸ்கூல் பிரேயரில் வரிசையில் நின்றவன் அப்படியே விறைத்து விழுந்திருக்கிறான். அதற்கு முன்னால் தூக்கத்திலேயே இரண்டு தடவை வந்திருக்கிறது. "கெட்ட கனவு"ன்னு விட்டுட்டாங்க.

நம்ம ஊரில் காக்கா வலிப்பு என்று சொல்வோமே, அதுதான். மூளைக்குள் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மின்சாரத்தில். சில நேரம் அந்த மின்சாரம் கட்டுமீறிப் பாய்கிறது. அவ்வளவுதான் வலிப்பு. பாவமும் இல்லை, சாபமும் இல்லை, தொற்றவும் தொற்றாது. உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும்.

இஇஜி எடுத்தோம். மாத்திரை ஆரம்பித்தோம். வலிப்பு மருந்துகள் பலவற்றை எடுத்த எடுப்பில் முழு டோஸ் கொடுக்க மாட்டோம். துளியூண்டில் தொடங்கி வாராவாரம் ஏற்றுவோம். முதல் நாள் பாதியாக உடைத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

"இத்தனூண்டு மாத்திரையா சார் அம்மாம் பெரிய வலிப்ப நிறுத்தும்?"

நான் சிரித்துக்கொண்டே, "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா" என்றேன்.

இதைக் குறித்து வைச்சுக்கோங்க. இந்தக் கதையில் கடுகை முதலில் இழுத்துவிட்டவன் நான்தான்.

மாத்திரை வேலை செய்தது. 14 மாதம் ஒரு வலிப்புகூட இல்லை. பையன் சைக்கிள் கற்றுக்கொண்டான். அந்த அம்மா ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. பீடிக்கட்டு எண்ணுகிற கைக்கு மாத்திரை எண்ணுவதா கஷ்டம்?

பிறகு ஒரு நாள் விடியற்காலை 4 மணி. 108-ல் கொண்டுவந்தார்கள். பையன் நீலம் பாரித்து, இன்னும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆக்ஸிஜன் வைத்து, நரம்பில் லோராசெபாம் போட்டோம். நிற்கவில்லை. இரண்டாவது டோஸ். அப்புறம் அடுத்த மருந்து. ஒருவழியாக நின்றபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

விடாமல் தொடரும் இந்த வலிப்புக்கு ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் என்று பெயர். உயிரைக் குடிக்கக்கூடியது. இது வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது.

(இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்துறேன். உங்க கண் முன்னாடி யாருக்காவது வலிப்பு வந்தால்: பக்கவாட்டில் படுக்க வையுங்க. தலைக்கு அடியில் துணி. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்க. வாய்க்குள் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், 108. கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்குமா? பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் பேர் சாவிக்குப் போய்விட்டது.)

சரி. ஐசியூ வாசலில் அந்த அம்மாவிடம் கேட்டேன். "மாத்திரை எப்போ கொடுத்தீங்க?"

கொடுக்கவில்லை. 19 நாளாக.

பக்கத்து ஊரில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பேசியவர் சொன்னாராம், கடுகளவு விசுவாசம் இருந்தாலே மலை நகரும், மாத்திரையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கு அந்தக் கடுகளவுகூட இல்லை என்று. இவர் மறுநாள் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காணிக்கை மாதிரி முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இதைக் கேட்டதும் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்த இழைக்கே அர்த்தமில்லை.

"பிள்ளையைக் கொல்லப் பார்த்தீங்களா?" என்றேன். காரிடாரில். நாலு பேர் முன்னால். சத்தமாக.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பையன் கண் திறந்து சாப்பிட்டான். மூளைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. டிஸ்சார்ஜ் எழுதும்போது அவர் மேஜைப் பக்கம் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்:

"சார், நீங்களும் வேதக்காரங்கதானே. எனக்குக் கடுகளவுகூட விசுவாசம் இல்லையா, சார்?"

அந்தக் கூட்டத்தில் பேசியவருக்கு போன் செய்து கேட்டாராம். "நடுவுல சந்தேகப்பட்டிருப்பீங்க, அதான் மறுபடி வந்திருக்கு" என்று பதில் வந்திருக்கிறது.

பாருங்க. மாத்திரை கொடுத்தாலும் அவர் தப்பு. நிறுத்தினாலும் அவர் தப்பு. நிறுத்தி வலிப்பு வந்தாலும் அவர் தப்பு. இதில் என் பங்குக்கு நானும் ஒரு கல் எறிந்திருக்கிறேன்.

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷன்டைப் பார்க்கப் போய்விட்டேன். பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

ஆறு வாரத்தில் வரச்சொன்னது. வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடைசியில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். "சார், மாத்திரை குடுக்காங்க. ஆனா பாதிதான் குடுக்காங்க."

"ஏன்? காசு இல்லையா?" அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும் மாத்திரை அது.

"இல்ல சார். முழுசா குடுத்தா ஆண்டவர நம்பாத மாதிரி ஆயிருமாம். குடுக்காம விட்டா நீங்க ஏசுவீங்களாம். அதான் பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்க வீட்டில் அம்மா காலத்துப் பைபிள் ஒன்று இருக்கிறது. அட்டை போய், காக்கி பேப்பர் ஒட்டியது. எடுத்தேன். மத்தேயு 17-ம் அதிகாரம், 20-வது வசனம். சண்டே ஸ்கூலில் இதை மனப்பாடமாகச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அட்டையில் கடுகு ஒட்டி, கீழே வசனத்தை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, வீட்டுக் கதவிலேகூட மாட்டியிருந்தோம்.

ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் ஆறு வசனத்தை ஒரு தடவைகூட ஊன்றிப் படித்ததில்லை. நீங்க படிச்சிருக்கீங்களா?

அங்கே ஒரு தகப்பன் வருகிறான். மகனைக் கூட்டிக்கொண்டு.

மகனுக்கு என்ன? வலிப்பு.

நிஜமாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சந்திரரோகி' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அது ஏதோ தோல் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேக்க மூலத்திலும் நிலாவை வைத்துத்தான் அந்தச் சொல். வலிப்புக்கும் நிலா வளர்வது தேய்வதற்கும் தொடர்பு உண்டு என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். நம்ம ஊரில் இன்றைக்கும் அமாவாசைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதே சம்பவம் மாற்கு 9-ம் அதிகாரத்தில் இன்னும் விவரமாக இருக்கிறது. கீழே விழுகிறான், வாயில் நுரை, பல்லைக் கடிக்கிறான், உடம்பு விறைக்கிறது. எல்லாம் முடிந்ததும் செத்தவன் மாதிரிக் கிடக்கிறான், செத்தேபோனான் என்று கூட்டம் சொல்கிறது. மெடிக்கல் காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே. பையன் அடிக்கடி தீயில் விழுகிறான், தண்ணீரில் விழுகிறான் என்கிறான் தகப்பன். இன்றைக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கை என்ன தெரியுமா? அடுப்புப் பக்கம் ஜாக்கிரதை, கிணற்றில் குளத்தில் தனியாகக் குளிக்காதீங்க.

அப்போது இயேசு அந்தத் தகப்பனிடம் கேட்கும் கேள்வி: இது எத்தனை காலமாக இருக்கிறது?

ஓபியில் நாங்கள் கேட்கும் அதே முதல் கேள்வி. சின்ன வயதிலிருந்தே என்று பதில் வருகிறது.

அந்த நூல் இதை ஆவியின் வேலை என்றுதான் சொல்கிறது. நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் காலத்து மொழி அது. ஆனால் அதற்கும் முன்னால், கி.மு. 400 வாக்கில், ஹிப்போக்ரட்டீஸ் பேரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, இது மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான், தெய்வக் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டது. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைச்சுக்கலாம். எனக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டது வேறு.

அந்தத் தகப்பன் முதலில் மகனைக் கூட்டிப்போனது சீஷர்களிடம். அவர்களால் முடியவில்லை. இயேசு கூட்டத்தைப் பார்த்து, இந்தத் தலைமுறையே இப்படி என்று சலித்துக்கொள்கிறார். பையன் குணமான பிறகு சீஷர்கள் தனியாக வந்து கேட்கிறார்கள், எங்களால் ஏன் முடியவில்லை என்று. அப்போதுதான், அந்த அறைக்குள்தான், கடுகு வருகிறது. உங்கள் நம்பிக்கை போதவில்லை என்கிறார். யாரிடம்? குணமாக்கப் போனவர்களிடம்! தகப்பன் அங்கே இல்லை. பையனும் இல்லை.

திரும்ப ஒரு தடவை படித்தேன். ஆமாம். கடுகு பேச்சு நோயாளிக்கு இல்லை. நோயாளியின் வீட்டுக்காரர்களுக்கும் இல்லை. இன்றைக்கு மேடையில் நிற்பவருக்கும், ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு காரிடாரில் கத்தியவனுக்கும் சொன்னது. அதைத் தூக்கி ஒரு பீடி சுற்றும் அம்மா தலையில் வைத்துவிட்டோம்.

அடுத்த வசனத்தில் ஜெபம், உபவாசம் என்று வருகிறதே என்று சபைக்குப் போகிறவர்கள் கேட்பீர்கள். அதுவும் அதே அறையில், அதே ஆட்களுக்குச் சொன்னதுதான்.

மாற்குவில் தகப்பனிடமும் நம்பிக்கை பற்றிப் பேச்சு வருகிறது, உண்மை. அவன் பதில் என்ன? நம்புகிறேன், ஆனால் முழுசா நம்ப முடியவில்லை, அதற்கும் நீரே உதவி செய்யும் என்ற அர்த்தத்தில் கதறுகிறான். பாதி நம்பிக்கை. அந்தப் பாதியோடு வந்தவனை, போய் மீதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமாகிறான்.

அப்புறம் பக்கத்தைப் புரட்டி மற்றக் கடுகுக்குப் போனேன். மத்தேயு 13-ல் வரும் உவமை. ஒருவன் ஒரு கடுகை நிலத்தில் போடுகிறான். விதைகளிலேயே சின்னது. வளர்ந்தால் தோட்டத்துச் செடிகளிலேயே பெரியது, பறவைகள் வந்து அடையும் அளவுக்கு.

தாவரவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆர்க்கிட் விதை இதைவிடச் சின்னது, தூசி மாதிரி இருக்கும். ஆனால் இது தாவரவியல் வகுப்பு இல்லை. அந்த மண்ணில் 'துளியூண்டு' என்று சொல்லவேண்டுமானால் கடுகைச் சொல்வார்கள். நாம் எள்ளளவு, கடுகளவு என்கிறோமே, அது மாதிரி.

கலிலேயாவில் வளர்வது பெரும்பாலும் கருங்கடுகு. நம்ம அஞ்சறைப் பெட்டிக் கடுகுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைச்சுக்கோங்க. ஒரு மில்லிமீட்டர் விதையிலிருந்து ஒரே பருவத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி, 2 மீட்டருக்கு மேல்கூடப் போகும். பிறகு காய்ந்துவிடும். மரம் இல்லை. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதுகிறார், கடுகை ஒரு தடவை விதைத்துவிட்டால் அந்த இடத்தைவிட்டு அதை ஒழிப்பது கஷ்டம், விழுந்த விதை உடனே முளைத்துவிடும் என்று.

அந்த யூத ஜனங்கள் எதை எதிர்பார்த்திருப்பார்கள்? அவர்களுடைய பழைய வேதத்தில், எசேக்கியேல் 17-ல், கடவுள் ஒரு கேதுருக் கிளையை உயர்ந்த மலையில் நடுவார், அது பெருமரமாகும், பறவைகள் எல்லாம் அதில் தங்கும் என்று வருகிறது. கேதுரு என்றால் லெபனோன் மலையில் வானத்தை இடிக்கிற மரம். அரண்மனை கட்டும் மரம். இவர் அதே பறவைகளைக் கொண்டுவந்து, தோட்டத்து ஓரம் முளைக்கும் கடுகுச் செடியில் உட்கார வைக்கிறார். கேட்டவர்களில் சிலர் சிரித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்த உவமையை நம்ம ஊர் மேடைகளில் பெரும்பாலும் வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். சின்னதாகத் தொடங்கு, பெரிசாக வருவாய். கடுகு உவமை சொன்னால் அடுத்தது வேலூர் வந்தாக வேண்டும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது, 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி, இன்றைக்கு சிஎம்சி.

எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதையில் விதை எது என்பதில் எனக்கு வேறு கணக்கு. ஐடா டாக்டருக்குப் படிக்கும் எண்ணமே இல்லாத இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் அடுத்தடுத்து மூன்று ஆண்கள் வந்து கூப்பிட்டார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். அவருடைய அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்றார்கள். இவர் டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கித் திரும்பினார்.

மண்ணில் விழுந்தது அந்த ராத்திரி. ஒரு கட்டிலுக்கு முந்தியது. கையாலாகாத ராத்திரி. எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் கேட்டார்களே, அந்தக் கேள்விதான் அது.

இன்னொன்று. லூக்கா 17-ல் சீஷர்கள், எங்கள் விசுவாசத்தைக் கூட்டிக்கொடும் என்று கேட்கிறார்கள். அளவு கேட்கிறார்கள். பதிலுக்கு அவர் எடுத்துக் காட்டுவது இருப்பதிலேயே சின்னதை. கடுகளவு என்பதை நாம் பாஸ் மார்க் ஆக்கிவிட்டோம். இத்தனை மில்லிகிராம் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் பிள்ளைக்கு வலிப்பு. விதையை எடுத்து எடைக்கல்லாகப் பயன்படுத்துகிறோம். கடுகு தராசுக்கானது இல்லை, மண்ணுக்கானது.

'விசுவாசம்' என்ற சொல்லையே பாருங்க. சர்ச்சுக்கு வெளியே நாம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? நாய் விசுவாசம். முதலாளி விசுவாசம். மாறாமல் கூடவே இருப்பது. கிரேக்கச் சொல்லுக்கும் அந்த இரண்டு அர்த்தமும் உண்டு, நம்புவது, உண்மையாக நிற்பது. கத்தோலிக்கர்களின் புதிய மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் எனக்கு அன்றைக்குப் பழைய சொல்தான் கைகொடுத்தது. 14 மாதம், ராத்திரி 8 மணிக்கு, ஒரு நாள் தவறாமல் மாத்திரை கொடுத்த அம்மா. அது விசுவாசம் இல்லை என்றால் வேறு என்ன?

செவிலியரிடம் சொல்லி அனுப்பினேன். "சார் ஏச மாட்டாரு, வாங்க"ன்னு சொல்லுங்க.

வந்தார்கள். திங்கட்கிழமை ஓபி, வெளியே அறுபது பேர். பையனுக்கு எடை பார்த்து, டோஸ் எழுதிவிட்டு, அந்தக் காக்கி அட்டைப் பைபிளை மேஜை மேல் வைத்தேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களேம்மா. இந்தப் பக்கத்தை நீங்களே வாசிங்க."

எழுத்துக்கூட்டி வாசித்தார். தீயிலும் தண்ணியிலும் விழுகிற இடம் வந்ததும் நிறுத்தி, "எம் பிள்ளை மாதிரியே" என்றார். மேலே போனார். கடுகு வந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் போய் மறுபடி வாசித்தார்.

"சார், இது அந்தத் தகப்பனுக்குச் சொன்னதில்லையே?"

"இல்லம்மா."

"அவனத் திட்டவே இல்லியே சார்."

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க திட்டினீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அறுபது பேர் வெளியே இருக்க, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டாக்டராகி இத்தனை வருஷத்தில் அப்படி நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சுவாக்கில் ஒன்று தெரிந்தது. அந்த விடியற்காலைக்குப் பிறகு அவர் ராத்திரியில் தூங்குவதே இல்லை. பையன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார். பகலில் பீடி சுற்ற உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. மாற்கு 4-ல், கடுகு உவமைக்கு நேர் முன்னால், இன்னொரு விதைக் கதை இருக்கிறது. அதையும் காட்டினேன். ஒருவன் விதை போடுகிறான். ராத்திரி தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை தன் பாட்டுக்கு முளைக்கிறது, எப்படி என்று அவனுக்கே தெரியாது.

"தூங்குதானா? வெதச்சிட்டு?"

"தூங்குறான்மா. நீங்களும் எட்டு மணிக்கு மாத்திரையை முழுசா கொடுத்துட்டுத் தூங்குங்க."

ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் பயன்படுத்த மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்து, எப்படி அடிப்பது என்று நர்ஸ் செய்து காட்டினார். கதையை மட்டும் சொல்லி அனுப்பினால் நானும் அந்த மேடைக்காரரும் ஒன்றாகிவிடுவோம்.

ஜெபக் கூட்டம் போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. போகிறார். ஊழியம் செய்கிறவர்கள் எல்லாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களும் இல்லை. எங்க சபைப் போதகரே காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் ஆராதனைக்கு வருவார். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் எல்லா மதத்திலும், மதமே இல்லாத 'இயற்கை' கூட்டத்திலும் இருக்கிறார்கள். யார் சொன்னாலும், வலிப்பு மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் உங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை. ப்ளீஸ்.

இது நடந்து 2 வருஷம் 4 மாதம் ஆகிறது. பையன் இப்போது ஆறாம் வகுப்பு. அதன் பிறகு ஒரு வலிப்பு இல்லை. போன மாதம் மறுபடி இஇஜி எடுத்தோம், நன்றாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வலிப்பு இல்லாத குழந்தைகளில் சிலருக்கு மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் முடியாது. சிலருக்கு நெடுநாள் தேவைப்படும். இவனுக்குப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சொன்னதும் அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் சார். பயமா இருக்கு. இப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

அன்றைக்கு ஒரே நாளில் மொத்த அட்டையையும் கொண்டுபோய் வைத்தவர். நான்தான் இப்போது தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரேயடியா இல்லம்மா. கால் மாத்திரைதான். முதல் மாசம் அவ்வளவுதான் குறைக்கப் போறோம். முக்கால் கொடுங்க."

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டு."

அன்று ராத்திரி 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில் முக்கால் மாத்திரை. பக்கத்தில் கால் துண்டு. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், இது சரியா இருக்கா? மீதித் துண்ட வெளிய போடவா? மூணு நாத் துண்டு சேந்தா ஒரு நா மாத்திர ஆச்சே சார்."

கணக்கு சரிதான். ஈரம் படாமல் மூடி வைக்கச் சொன்னேன்.